ரன்னுன்னா ஓடுறதுன்னு தானே படிச்சோம், இத்தன அர்த்தத்த எப்படிப் பிடிக்கிறது?

நீலவானம்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலீஷ்ல ரன்னுங்கற ஒரே ஒரு வார்த்தையப் பத்தி தான் இந்தக் கேள்வி. எனக்கு கிராமர் ஓரளவு வரும், படிச்சா புரியும், மெயில் எழுதவும் செய்வேன், ஆனா வெளிநாட்டு டீமோட ஃபோன் கால்ல உக்காந்தா இந்த ஒரு வார்த்தை மட்டும் ஒவ்வொரு வாட்டியும் வேற ஏதோ ஒண்ணா வந்து நிக்குது. ஒருத்தர் "ஐ ஆம் ரன்னிங் லேட்"ங்கறார், அடுத்தவங்க "வி ரேன் இன்டு அன் இஷ்யூ"ங்கறாங்க, அப்புறம் "லெட் மீ ரன் த நம்பர்ஸ்", "கேன் யூ ரன் திஸ் பை ஹெர்", "த மீட்டிங் ரேன் ஓவர்", "வி ஆர் ரன்னிங் லோ ஆன் டைம்", முடிக்கும்போது "ஓகே, ரன் வித் இட்". இதுல யாருமே ஓடல, எதுவுமே ஓடல.

டிக்ஷனரிய எடுத்துப் பாத்தா பக்கம் பக்கமா போகுது. ஒண்ணு ஒண்ணா மனப்பாடம் பண்ணலாம்னு ஆரம்பிச்சா பத்தாவது அர்த்தம் வரும்போது மூணாவது மறந்துடுது. அர்த்தங்கள் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கற மாதிரி தெரியறதால தான் மறக்குதுன்னு நினைக்கிறேன்.

அதனால கேக்கறது இது தான். இத்தன அர்த்தத்துக்கும் உள்ள ஏதாவது ஒரு பொதுவான இழை இருக்கா? இருந்தா அத வச்சு புதுசா ஒரு ப்ரயோகம் வந்தா கூட ஊகிச்சுக்கற அளவுக்கு வர முடியுமா? இல்ல, உண்மையாவே தனித்தனியா தான் படிக்கணும்னா எதுல இருந்து ஆரம்பிக்கலாம்? நம்ம ஓடுங்கற சொல்லும் நிறைய இடத்துல வருதே, படம் ஓடுது, மிஷின் ஓடுது, காலம் ஓடுதுன்னு சொல்றோமே, அது எவ்வளவு தூரம் கை குடுக்கும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா சொன்னா நல்லாருக்கும்.

கரும்பலகை:

நல்ல கேள்வி நீலவானம். இழை இருக்கு, ஆனா அது ஓட்டம் இல்ல. கால், வேகம் ரெண்டையும் மனசுல இருந்து எடுத்துட்டு "நிக்காம போய்க்கிட்டே இருக்கறது"ன்னு மட்டும் வச்சுக்கோங்க. அப்ப நிறைய தானா விழும். ஆறு ரன் ஆகுது, குழாய்ல தண்ணி ரன் ஆகுது, ஜலதோஷம் புடிச்சா மூக்கு ரன் ஆகுது, துவைக்கும்போது சாயம் ரன் ஆகுது (சாயம் போறது தான்), இஞ்சின் ரன் ஆகுது, நாடகம் ரெண்டு வருஷமா ரன் ஆகுது, ஒப்பந்தம் அஞ்சு வருஷத்துக்கு ரன் ஆகுது. "த்ரீ டேஸ் ரன்னிங்"னா இடைவெளி விடாம தொடர்ந்து மூணு நாள். எல்லாத்துலயும் இருக்கறது ஒண்ணே தான், தொடங்கினது அறுபடாம போய்க்கிட்டு இருக்கு.

இதுல அசையாத பொருளும் சேரும். "த ரோட் ரன்ஸ் அலாங் த ரிவர்"னு சொல்லுவாங்க. ரோடு எங்கயும் போகல, அது பாட்டுக்கு கெடக்குது, ஆனா நம்ம கண்ணு அது மேல போகுது. தமிழ்லயும் நாம "ரோடு ஆத்தோரமாவே போகுது"ன்னு தானே சொல்றோம், சுவத்துல விரிசல் மேல இருந்து கீழ வரைக்கும் ஓடுதுன்னு சொல்றோம். "இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி"யும் இந்த வகை தான், ஒரு குணமோ நோயோ தலைமுறை தலைமுறையா அறுபடாம வர்றது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், நான் சொல்லிக் குடுக்கற பசங்ககிட்டயும் இத தான் திரும்பத் திரும்ப சொல்லுவேன். தமிழ்ல ஓடு வேற, ஓட்டு வேற. வண்டி ஓடுது, நான் வண்டிய ஓட்டறேன். தன்வினை, பிறவினைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அது. இங்கிலீஷ்ல இந்த ரெண்டுக்கும் ஒரே வார்த்தை தான். "த மெஷின் இஸ் ரன்னிங்"னா மிஷின் ஓடுது, "ஷி இஸ் ரன்னிங் த மெஷின்"னா அவங்க மிஷின ஓட்டறாங்க. அதனால ரன் காதுல விழுந்ததும் அர்த்தத்த தேடாதீங்க, அதுக்குப் பின்னாடி நேரா ஒரு பொருள் (செயப்படுபொருள்) வருதான்னு பாருங்க. வந்தா பெரும்பாலும் ஓட்டறது, நடத்தறது, செய்ய வைக்கறது. ரன் எ கம்பெனி, ரன் எ டெஸ்ட், ரன் அன் ஆட், ரன் எ ஸ்டோரி (பத்திரிகைல செய்தி போடறது), ரன் எ பாத் (தொட்டில தண்ணி திறந்து விட்டு நிரப்பறது), நீங்க சொன்ன ரன் த நம்பர்ஸ் (கணக்குப் போட்டுப் பாக்கறது), எல்லாமே ஏதோ ஒண்ண ஓட விடறது தான்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச ஒரு வித்தியாசம் என்னன்னா, அவங்க கம்பெனிய ஓட்டறாங்க, நாம நடத்தறோம். நடத்தறதுங்கறது நடக்கறதுங்கறதோட பிறவினை. அவங்க ஓட வைக்கிற இடத்துல நாம நடக்க வைக்கிறோம், கூட்டம் நடத்தறோம், பள்ளிக்கூடம் நடத்தறோம், குடும்பம் நடத்தறோம். அதனால ஓடுங்கறத மட்டும் பிடிச்சுக்கிட்டு போனா பாதி இடத்துல தான் பொருந்தும், நடத்துங்கறதையும் சேத்துக்கோங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு, இது தனி. ரன் ட்ரை, ரன் லோ, ரன் ஷார்ட், ரன் லேட், ரன் வைல்ட், ரன் ஹை. ரன்னுக்குப் பின்னாடி ஒரு பண்புச்சொல் வந்தா அங்க ரன்னுக்கு "ஆகறது"ன்னு அர்த்தம், அவ்வளவு தான். "த வெல் ரேன் ட்ரை"னா கிணறு வறண்டு போச்சு. பாருங்க, நாமளும் வறண்டு "போச்சு"ன்னு சொல்றோம், கிணறு எங்க போச்சு? நமக்கு போங்கற துணைவினை செய்யற வேலைய அங்க ரன் செய்யுது. ரன்னிங் லேட்டுக்கு லேட் ஆகுதுன்னு அர்த்தம், யாரும் மூச்சு வாங்க ஓடி வர்றாங்கன்னு இல்ல. ரன்னிங் லோன்னா குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு அர்த்தம்.

மிச்சம் அவுட், இன்டு, ஓவர் மாதிரி ஒட்டுகளோட வர்றது, அத வேற யாராவது எழுதுங்க, எனக்கு இப்ப கிளாஸ் இருக்கு.

பழைய_பேனா:

கரும்பலகை அம்மா சொன்ன ஓடு/ஓட்டு விஷயம் வெறும் ஞாபகம் வச்சுக்கற வழி மட்டும் இல்ல, வரலாறே அது தான், அத சேத்து சொல்லணும்னு தோணுச்சு.

பழைய இங்கிலீஷ்ல, அதாவது ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ்ல, ரெண்டு தனித்தனி வினை இருந்துச்சு. ரின்னன்னு ஒண்ணு (இர்னன்னும் அதுக்கு ஒரு வடிவம் உண்டு), அது தானா ஓடறது, வழியறது. ஏர்னன்னு இன்னொண்ணு, அது ஓட வைக்கறது, குதிரைய ஓட்டறது மாதிரி. நம்ம ஓடு, ஓட்டு மாதிரியே தான். காலப்போக்குல உச்சரிப்பு ஒண்ணோட ஒண்ணு நெருங்கி, இடைக்கால இங்கிலீஷ்ல ரெண்டும் கலந்து ஒரே ரன்னா ஆயிடுச்சு. ரெண்டு வினையோட அர்த்தமெல்லாம் ஒரே சொல்லோட தலைல ஏறுச்சு. ஜெர்மன் மொழி இங்கிலீஷோட பங்காளி, அங்க இன்னைக்கும் ரின்னன், ரென்னன்னு ரெண்டு சொல் தனியா இருக்கு. ரின்னன்னா ஒழுகறது, வழியறது. ரென்னன்னா ஓடறது. ரென்னன் ஆரம்பத்துல ரின்னனோட பிறவினையா இருந்தது தான்.

இதுல இருந்து இன்னொண்ணும் தெரிய வருது. தண்ணி ஓடறது தான் இந்த வேரோட ரொம்பப் பழைய அர்த்தங்கள்ல ஒண்ணு. மனுஷன் ஓடறதப் பாத்து ஆத்துக்கு உவமையா சொன்னாங்கன்னு நாம நினைச்சுக்கறோம், அப்படி இல்ல, ஒழுக்குங்கற பொருளும் ஆதியில இருந்தே கூட வருது. இங்கிலீஷ்ல ரன்னல்னா சின்ன ஓடை. நம்ம ஓடைங்கற சொல்லும் ஓடுல இருந்து வந்தது தானே. அதனால நீலவானம், இழை எதுன்னு கேட்டீங்கன்னா தண்ணிய நினைச்சுக்கோங்கன்னு சொல்லுவேன். மூக்கு, சாயம், மெழுகுவத்தி உருகி வழியறது, குழாய் இதெல்லாம் கிளை அர்த்தம் இல்ல, வேருக்குப் பக்கத்துல இருக்கற அர்த்தம்.

எண்ணிக்கையப் பத்தி ஒரு தகவல். ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் டிக்ஷனரியோட 1989 ரெண்டாம் பதிப்புல ரொம்ப நீளமான பதிவு செட்டுங்கற சொல்லுக்கு இருந்துச்சு, வினையா மட்டும் 430 பொருள், சுமார் 60,000 வார்த்தைல விளக்கம். அப்புறம் மூணாம் பதிப்புக்காக ஒவ்வொரு சொல்லா திருத்திக்கிட்டு வரும்போது ரன் அத முந்திடுச்சு, வினையா மட்டும் 645 பொருள்னு 2011ல செய்தி வந்துச்சு. பீட்டர் கில்லிவர்ங்கற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாசம் உழைச்சிருக்கார். ஒரு மனுஷன் ஒன்பது மாசம் ஒரே வார்த்தையோட உக்காந்திருக்கார்னா அதுக்கு எவ்வளவு பொறுமையும் பிரியமும் வேணும், எனக்கு அத நினைச்சா மரியாதையா இருக்கு.

ஏன் இவ்வளவு பெருகுச்சுன்னா, இயந்திரம் தான் பெரிய காரணம். கடிகாரம், நீராவி இஞ்சின், ரயில், ஃபேக்டரி, கரண்ட், கடைசியா கம்ப்யூட்டர்னு நிக்காம இயங்கற சாமான் எது புதுசா வந்தாலும் அதுக்கு ஒரு வினை தேவைப்பட்டுச்சு, கைல தயாரா இருந்தது ரன். தமிழ்லயும் அதே தான் நடந்துச்சு, மிஷின் ஓடுது, ரயில் ஓடுது, படம் ஓடுது, எல்லாமே சாமான் வந்த பிறகு ஓடுங்கற பழைய சொல்லு ஏத்துக்கிட்ட புது வேலை.

நீலவானம்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பொருள் வருதா இல்லையான்னு பாக்கறது உடனே உதவுச்சு, சேமிச்சு வச்சிருந்த பழைய மெயிலெல்லாம் எடுத்து அப்படியே பாத்தேன், நிறைய புரியுது. ஆனா இந்த ஒட்டுகள் தான் இன்னும் குழப்புது. ரன் அவுட், ரன் அவுட் ஆஃப் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ரன் இன்டு ஒரு இடத்துல மோதறது, ஒரு இடத்துல சந்திக்கறது, ஒரு இடத்துல தொகை. ரன் டவுன் அதுக்கு மேல. அங்க எதப் பாக்கணும்?

இரவுப்பறவை:

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்யறேன், சினிமா சப்டைட்டில், கம்பெனி மேனுவல் ரெண்டும், அதனால இந்த ரன்னோட தினமும் மல்லுக்கட்டிக்கிட்டு தான் இருக்கேன். ஒட்டு வந்தா ரன்ன பாக்காதீங்க, ஒட்டையும் அதுக்குப் பின்னாடி வர்ற பேரையும் பாருங்க, அங்க தான் அர்த்தம் இருக்கும்.

ரன் அவுட்: தீர்ந்து போற பொருள் எழுவாயா முன்னாடி நின்னா வெறும் ரன் அவுட். "டைம் ரேன் அவுட்", நேரம் தீர்ந்துடுச்சு. அந்தப் பொருள வச்சிருந்த ஆள் எழுவாயா நின்னா ஆஃப் சேரும். "வி ரேன் அவுட் ஆஃப் டைம்", நமக்கு நேரம் தீர்ந்துடுச்சு. தமிழ்ல ரெண்டுலயும் நேரம் தான் தீருது, ஆள் "நமக்கு"ன்னு ஓரமா நிப்பார், இங்கிலீஷ்ல ஆள முன்னாடி கொண்டு வந்து நிறுத்திடுவாங்க. அதனால தான் நம்மாளுங்க "ஐ ரேன் அவுட் டைம்"னு ஆஃப விட்டுட்டு எழுதறது. அதுவே "ரேன் அவுட் ஆன் ஹெர்"னா அர்த்தம் மொத்தமா மாறி, அவங்கள அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டான்னு ஆயிடும். ஆஃப், ஆன் ஒரு எழுத்து தான் வித்தியாசம், வாழ்க்கையே வேற.

ரன் இன்டு: பின்னாடி சுவரோ மரமோ வந்தா மோதறது. ஆள் வந்தா எதிர்பாராம சந்திக்கறது. பிரச்சனை, சிக்கல், மழை மாதிரி வந்தா எதிர்கொள்றது. எண்ணிக்கையோ பணமோ வந்தா அந்த அளவு வரைக்கும் போறது, "த காஸ்ட் ரன்ஸ் இன்டு மில்லியன்ஸ்"னா செலவு பல பத்து லட்சத்துக்குப் போகுது. நாலுமே உள்ள போய் எதுலயோ படறது தான், எது மேல படுதுங்கறது மட்டும் மாறுது. திட்டம் போட்டு சந்திக்கறதுக்கு இத போடக் கூடாது, அது தவறி வர்ற இடம், "நாளைக்கு உங்கள ரன் இன்டு பண்றேன்"னு சொன்னா அபத்தமா இருக்கும்.

ரன் ஓவர்: பின்னாடி ஆளோ மிருகமோ வந்தா வண்டி ஏத்தினது, ரொம்ப சீரியசான விஷயம். பின்னாடி ஒண்ணுமே வராம கூட்டமோ நிகழ்ச்சியோ எழுவாயா இருந்தா குறிச்ச நேரத்த தாண்டிப் போனது. குறிப்பு, பட்டியல் மாதிரி வந்தா ஒரு தடவ வேகமா பாத்துக்கறது, ரன் த்ரூவும் கிட்டத்தட்ட அதே, தமிழ்ல மேலோட்டமா பாக்கறதுன்னு சொல்றோமே அது. அந்த மேலோட்டத்துக்குள்ளயும் ஓட்டம் இருக்கறத கவனிச்சீங்களா.

ரன் டவுன்ல தான் எல்லாரும் தடுமாறறது, எனக்கும் ஒவ்வொரு வாட்டியும் நிதானிக்க வேண்டியிருக்கு. பேட்டரி ரன் டவுன் ஆனா சார்ஜ் இறங்கிடுச்சு. ஒருத்தர ரன் டவுன் பண்ணினா ரெண்டு அர்த்தம், வண்டில இடிச்சுத் தள்ளினது, இல்ல அவரப் பத்தி மட்டமா பேசினது, எதுன்னு சுத்தி இருக்கற வாக்கியத்த வச்சு தான் சொல்ல முடியும். கட்டடம் ரன் டவுன்னா பராமரிப்பு இல்லாம பாழடைஞ்சு கெடக்குது. ஆள் "ஃபீலிங் ரன் டவுன்"னா உடம்பு தளர்ந்து சோர்வா இருக்கார். ஆனா ரெண்டையும் சேத்து ஒரே பெயர்ச்சொல்லா "கிவ் மீ எ ரன்டவுன்"னு கேட்டா சுருக்கமா விவரம் சொல்லுங்கன்னு அர்த்தம், அதுல தளர்ச்சியும் இல்ல பாழும் இல்ல. எழுதும்போது சேத்து எழுதறாங்களா பிரிச்சு எழுதறாங்களான்னு பாக்கறது இந்த இடத்துல ரொம்ப உதவும்.

ரன் அப், ரன் ஆஃப் ரெண்டும் இதே மாதிரி தான், சுருக்கமா சொல்லிடறேன். ரன் அப் எ பில்னா கடன ஏத்திக்கிட்டே போறது. ரன்அப்னு பெயரா வந்தா பௌலர் ஓடி வர்ற தூரம், இல்ல ஒரு பெரிய நிகழ்வுக்கு முந்தின காலம், தேர்தலுக்கு ரன்அப்னா தேர்தல் நெருங்கற நாளுங்க. ரன் ஆஃப்னா ஓடிப் போறது, ரன்ஆஃப்னா மழைத்தண்ணி மண்ணுல இறங்காம மேலாக்க வழிஞ்சு போறது, முதல் சுத்துல யாருக்கும் போதுமான ஓட்டு வராம நடக்கற ரெண்டாம் சுத்து தேர்தலுக்கும் அதே பேரு.

நிரல்மொழி:

எல்லாம் அருமையா இருக்கு, ஆனா ஒரு எச்சரிக்கை. "ஒரே இழை"ங்கறத ரொம்ப இழுத்தா அறுந்துடும். பெயர்ச்சொல்லா வரும்போது பல இடத்துல நிக்காம போறதுங்கறத வச்சு ஊகிச்சீங்கன்னா தப்பா தான் போகும். கோழிய அடைச்சு வைக்கிற வேலி போட்ட எடத்துக்கு சிக்கன் ரன்னு பேரு, அங்க கோழி உலாத்தலாம், அவ்வளவு தான். காலுக்குப் போடற மெல்லிசு ஸ்டாக்கிங்ல நூல் பிரிஞ்சு நீளமா கோடு விழுந்தா அமெரிக்கர்களுக்கு அது ரன், பிரிட்டிஷ்காரங்களுக்கு லேடர். ரன் ஆஃப் த மில்னா சாதாரணமானது, தனிச்சிறப்பு ஒண்ணும் இல்லாதது. ஆலைல இருந்து தரம் பிரிக்காம அப்படியே வர்ற சரக்குங்கறதுல இருந்து வந்தது. இதெல்லாம் கதை தெரிஞ்சா தான் புரியும், கதை தெரியலன்னா முழுசா மனப்பாடம் தான். கடைசில எல்லாமே ஓட்டத்துல இருந்து தான் வந்திருக்கும், ஆனா கேக்கற நிமிஷத்துல அது நமக்கு உதவாது.

கிரிக்கெட்டையே எடுங்க. ரன்னுன்னா ரெண்டு பேட்ஸ்மேனும் எதிர் முனைக்கு ஓடி முடிச்சா கிடைக்கற புள்ளி, சரி. ஆனா பந்து எல்லைக் கோட்டத் தாண்டிட்டா ஓடவே வேண்டாம், அதுக்கு நாலோ ஆறோ, அதுக்கும் பேரு ரன் தான். ஓட்டம் போய் புள்ளி மட்டும் நின்னுடுச்சு. ரொம்ப ஆரம்ப காலத்துல ஸ்கோர் எழுதறவங்க குச்சில வெட்டு போட்டு கணக்கு வச்சதால அத நாட்ச்னு தான் சொன்னாங்களாம், நாட்ச்னா வெட்டுத்தடம். ரன் அவுட்டும் பாருங்க, இரவுப்பறவை சொன்ன தீர்ந்து போறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஓடும்போது அவுட் ஆனது, அவ்வளவு தான்.

பேங்க் ரன்னும் அப்படித்தான். கேட்டா பேங்க நடத்தறதுன்னு தோணும், ஏன்னா ரன் எ பேங்க்னா நடத்தறது தான். ஆனா எ ரன் ஆன் த பேங்க்னா பேங்க் மேல நம்பிக்கை போய் எல்லாரும் ஒரே நேரத்துல போட்ட பணத்த எடுக்கப் பாயறது. பிரிட்டன்ல 2007 செப்டம்பர்ல நார்தர்ன் ராக் பேங்க் முன்னாடி ஜனங்க வரிசைல நின்னாங்க, 1866க்கு அப்புறம் அந்த நாட்டுல அப்படி நடந்தது அது தான் முதல் தடவைன்னு அப்ப எல்லா பத்திரிகைலயும் வந்துச்சு. 2023 மார்ச் 9 அன்னைக்கு அமெரிக்கால சிலிக்கான் வேலி பேங்க்ல ஒரே நாள்ல 4,200 கோடி டாலர எடுக்கக் கேட்டாங்க, அங்க வாசல்ல பெரிய கூட்டம் தேவைப்படல, பெரும்பாலும் போன்லயும் கம்ப்யூட்டர்லயுமே கேட்டாங்க, ஆனாலும் ரன்னுன்னு தான் பேரு. ரன் பின்னாடி "ஆன்" வந்து ஒரு பொருளோ நிறுவனமோ வந்தா அதுக்கு திடீர்னு ஏகப்பட்ட பேர் முட்டி மோதறாங்கன்னு எடுத்துக்கோங்க.

என் வேலைல வர்றதையும் சொல்லிடறேன், இது நீலவானத்துக்கு உடனே பயன்படும். ப்ரோக்ராம ரன் பண்றதுன்னா எழுதி வச்ச கட்டளைய இயந்திரம் செய்ய விடறது. எழுதி வச்சது வெறும் எழுத்து, ரன் ஆகும்போது தான் அது செயல். ரன்டைம்னா அது செயல்பட்டுக்கிட்டு இருக்கற நேரம். ட்ரை ரன்னா நிஜமா எதையும் மாத்தாம, என்ன நடக்கும்னு மட்டும் காட்டச் சொல்றது, வேலைக்கு முன்னாடி ஒத்திகை. டெஸ்ட் ரன், ட்ரையல் ரன்னா சோதனை ஓட்டம், நமக்கு வெள்ளோட்டம்னு எவ்வளவு அழகான சொல் இருக்கு, அத யாரும் ஆபீஸ்ல சொல்றதில்லன்னு எனக்கு வருத்தம் உண்டு. புது சாஃப்ட்வேர நாலு பேருக்கு மட்டும் குடுத்துப் பாக்கறதுக்கு அத விடப் பொருத்தமான சொல் கிடையாது.

என் கருத்து: வினையா வந்தா கரும்பலகை சொன்ன மாதிரி இழையப் பிடிங்க. பெயரா வந்தா அந்த முழு சொற்றொடரையும் ஒரே சொல்லா எடுத்துக்கிட்டு படிங்க.

கரும்பலகை:

நிரல்மொழி சொன்னத ஏத்துக்கறேன், பெயர்ச்சொல்லுக்கு நான் சொன்னது முழுசா பொருந்தாது. ஆனா வினைலயும் பொருள் வந்தும் ஓட்டாத சில உண்டு, அதையும் சொல்லிடணும், இல்லன்னா நீலவானம் அங்க இடறுவாங்க. ரன் எ ஃபீவர்னா காய்ச்சல் அடிக்குது, யாரும் காய்ச்சல ஓட்டறதில்ல. ரன் எ ரிஸ்க்னா ஆபத்துக்கு ஆளாகறது. ரன் எ ரெட் லைட்னா சிவப்பு விளக்கு எரியும்போது நிக்காம போனது. ரன் அன் எரண்ட்னா ஒரு சின்ன வேலையா வெளில போயிட்டு வர்றது, பேங்குக்கோ தபாலாபீசுக்கோ. இந்த நாலையும் தனியா மனசுல போட்டுக்கோங்க.

ரன் அமோக்குங்கறதும் கேள்விப்படுவீங்க, கட்டுக்கடங்காம வெறி பிடிச்சு திரியறது. அந்த அமோக் இங்கிலீஷே இல்ல, மலாய் மொழிச் சொல்.

தேர்தல் விஷயத்துல ஒண்ணு. அமெரிக்கர்கள் "ரன் ஃபார் ஆபீஸ்"ங்கறாங்க, பிரிட்டிஷ்காரங்க "ஸ்டான்ட் ஃபார் எலெக்ஷன்"ங்கறாங்க. ஒரே காரியத்துக்கு ஒரு நாட்டுல ஓடறாங்க, இன்னொரு நாட்டுல நிக்கிறாங்க. நாம "தேர்தல்ல நிக்கிறாங்க"ன்னு சொல்றோம், அதனால அமெரிக்க செய்தில ரன் பாத்ததும் நிக்கிறதுன்னே மொழிபெயர்த்துக்கணும். ஓடறதுன்னு போட்டா போட்டிய விட்டே ஓடிப் போனதா அர்த்தம் ஆயிடும், மொழிபெயர்ப்புச் செய்திகள்ல இந்த மாதிரி பாத்திருக்கேன், படிக்கவே கஷ்டமா இருந்துச்சு.

இன்னொண்ணு, காலம். ரன், ரேன், ரன். மூணாவது வடிவம் திரும்ப ரன்னே தான். "வி ஹேவ் ரேன் த டெஸ்ட்"னு நிறைய பேர் எழுதறாங்க, பேசும்போது அங்க பிறந்து வளந்தவங்க கூட சில பேர் சொல்றாங்க, ஆனா எழுத்துல "வி ஹேவ் ரன் த டெஸ்ட்" தான் சரி. ஹேவ், ஹாஸ், ஹேட் பக்கத்துல ரேன் வரவே கூடாது.

நீலவானம்:

இது போதும்னு நினைச்சேன், ஆனா முதல்ல எழுதினதுல ரெண்டு இன்னும் மிச்சம் இருக்கு. "ரன் திஸ் பை ஹெர்", "ரன் வித் இட்". இது எந்தக் கூட்டம்? ஒரு தடவ மேனேஜர் "ரன் இட் பாஸ்ட் லீகல்"னு (லீகல்னா எங்க சட்டப் பிரிவு) வேற எழுதியிருந்தாங்க.

இரவுப்பறவை:

ரன் பை, ரன் பாஸ்ட் ரெண்டும் ஒண்ணு தான், பாஸ்ட் பிரிட்டிஷ் பக்கம் அதிகமா கேக்கும். ஒரு விஷயத்த ஒருத்தரோட பார்வைல ஒரு தடவ பட வச்சு, அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுக்கறது. பை, பாஸ்ட் ரெண்டுமே பக்கத்துல கடந்து போறது தானே, அந்த விஷயம் அவங்க கண்ணு முன்னாடி ஒரு தடவ கடந்து போகுது. இங்க பொருள் இருக்கு, அதனால ஓட்டறது கூட்டம் தான். தமிழ்ல "அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க"ங்கறது தான் சரியா உக்காரும். ஒப்புதல் வாங்கச் சொல்றதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு, அத கவனிங்க. ரன் பைன்னா கருத்து கேக்கறது, கையெழுத்து வாங்கறது இல்ல. ஆனா லீகல்ட்ட கேக்கச் சொன்னா நடைமுறைல அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் காத்திருக்கணும்னு தான் எடுத்துக்கணும்.

ரன் வித் இட்னா அந்த யோசனைய கைல எடுத்துக்கிட்டு நீங்களே மேல கொண்டு போங்கன்னு அர்த்தம். கேட்டுக் கேட்டு செய்ய வேண்டியதில்ல, பொறுப்பு உங்க கைல. ஃபோன் கால் முடியும்போது உங்கள பாத்து அத சொன்னாங்கன்னா அந்த வேலை அப்ப இருந்து உங்களோடது, அடுத்த கூட்டத்துல அது எங்க நிக்குதுன்னு உங்ககிட்ட தான் கேப்பாங்க.